கராகூஷும் துக்ளக்கும்

அரபு மொழியில் சாட்சி சொல்வதை ‘ஷஹாதத்’ என்பர். நேரில் காண்பதை ‘முஷாஹதா’ என்பர். இரண்டும் ஒரே வேரில் முளைத்த சொற்கள். கண்டவனே சாட்சி, காணாதவன் வாய் திறந்தால் அது வெறும் செவிவழிச் செய்தி. ஓதிக்கொண்டிருந்த நாளில் ஃபிக்ஹுப் பாடத்தில் படித்த இந்தச் சிறு உண்மை, சில காலத்திற்கு முன் காரைக்குடியில் ஒரு கேலி நாடகத்தை நாம் காணச் செல்ல வேண்டிய நிலையை உண்டாக்கியது.

ஒருநாள் இஷாத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது மஹல்லாவின் இளைஞர் சிலர் வாசலில் காத்து நின்றனர். கையில் ஒரு துண்டு நோட்டீஸ். தலையில் கிரீடம், முகத்தில் நீண்ட தாடி, கழுதை மேல் அமர்ந்த ஒரு சுல்தானின் படம் அதில் இருந்தது. துக்ளக் என்ற பெயரைக் கடன்வாங்கி உள்ளூர்க் குழுவினர் எழுதி நடிக்கவிருந்த நகைச்சுவை நாடகத்தின் விளம்பரம் அது. “ஹஜ்ரத், நம் பாதுஷா ஒருவரைக் கழுதைமேல் ஏற்றியிருக்கிறார்கள். நாடகத்தை நிறுத்தச் சொல்லி ஒரு மனு எழுதித் தாருங்கள். ஜமாஅத்தார் கையெழுத்தை நாங்கள் வாங்கிவிடுகிறோம்” என்றனர்.

“நாடகத்தைப் பார்த்தீர்களா?” என்று கேட்டோம். இன்னும் நடக்கவே இல்லையே என்றனர். “அப்படியானால் நாம் எதற்குச் சாட்சி? முதலில் போய்ப் பார்ப்போம். பார்த்தபின் எழுத வேண்டியிருந்தால் முதல் கையெழுத்து நம்முடையது” என்றோம். அரைமனத்தோடு சம்மதித்தனர். அவர்களில் ஒரு தம்பி மட்டும் பிரியும்போது திரும்பி நின்று, “ஹஜ்ரத், அந்தத் துக்ளக் நல்லவரா கெட்டவரா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு விடைதேடி எழுந்ததே இக்கட்டுரை.

செட்டிநாடும் நாடக மேடையும்

நாடகம் பார்ப்பது இந்தச் சீமைக்குப் புதிதன்று. புதுக்கோட்டை, காரைக்குடி, மதுரை வட்டாரங்களில் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய ‘ஸ்பெஷல் நாடகம்’ உண்டு. கதை வள்ளி திருமணமாயினும் அரிச்சந்திரனாயினும், முதலில் மேடையேறுபவர் பபூன். அவர் ஊரையும் உலகையும் கேலி செய்து முடித்த பிறகே கதை தொடங்கும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி அமைத்த நாடகங்களே அந்த மேடையின் முதுகெலும்பு.

சபைகளில் நடந்த நகைச்சுவை நாடகத்தைத் திரையில் ஏற்றியவர்களில் ஒருவரும் இவ்வூர்க்காரரே. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’ 1941இல் படமானபோது அதனைத் தயாரித்தவர் காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன். பின்னர் அவர் தம் படப்பிடிப்புக் கூடத்தையும் சில ஆண்டுகள் இங்கேயே நடத்தினார். ‘நாம் இருவர்’ (1947) இங்கு உருவானதே. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் பழைய நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நின்று பயன் தருகிறது.

நம் முன்னோரும் நாடகத்திற்கு அந்நியர் அல்லர். அலிபாதுஷா நாடகம், அப்பாஸ் நாடகம், தையார் சுல்தான் நாடகம் முதலியன தமிழ் முஸ்லிம்களிடையே வழங்கியவை. இவற்றிற்கும் முற்பட்டது சீதக்காதி நொண்டி நாடகம். குதிரை திருடப் போய்க் காலை இழந்த ஒரு போக்கிரி, தன் திருட்டையும் அசட்டுத்தனத்தையும் தானே சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்து, முடிவில் வள்ளல் சீதக்காதியின் ஆதரவால் மக்கமாநகர் சென்று நலம் பெறும் கதை அது. சிரிப்பும் தௌபாவும் ஒரே மேடையில் நிற்கலாம் என்று அந்நாளைய நம் புலவர்கள் கருதினர்.

சென்னை மேடையில் துக்ளக்

துக்ளக் என்ற பெயரைத் தமிழ்நாட்டின் வீடுதோறும் சேர்த்தது ஒரு கேலி நாடகம். வழக்கறிஞரும் நடிகருமான சோ ராமசாமி (1934–2016) எழுதி, தம் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் குழுவினருடன் 1968இல் மேடையேற்றிய ‘முகம்மது பின் துக்ளக்’ அது. 1970இல் அதே பெயரை ஓர் இதழுக்கு இட்டார். 1971இல் நாடகம் திரைப்படமாகவும் வந்தது.

அறுநூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கும், யாத்திரிகர் இப்னு பதூதாவும் பூமிக்கடியிலிருந்து உயிரோடு எழுந்துவந்ததாக நாடு நம்புகிறது. சுல்தான் தேர்தலில் நின்று வென்று பிரதமராகிறார். மொழிச் சண்டையைத் தீர்க்கப் பாரசீகத்தை ஆட்சிமொழி ஆக்குகிறார். கட்சி மாறி வருவோரைத் திருப்திப்படுத்த எல்லோரையும் துணைப் பிரதமர் ஆக்குகிறார். உண்மையில் அவ்விருவரும் வேடதாரிகள்; அரசியலின் பொய்ம்மையை மக்களுக்கு உணர்த்தவே வேடமிட்டவர்கள். ஆனால் பதவி ருசி கண்ட ‘துக்ளக்’ வேடத்தைக் கலைக்க மறுக்கிறார். உண்மையைச் சொல்ல முற்பட்ட ‘பதூதா’வைத் துரோகி என்று நம்பிக் கூட்டமே அடித்துக் கொன்றுவிடுகிறது.

அந்த நாளின் நிலையை நினைத்துப் பார்த்தால் இந்தச் சிரிப்பின் பொருள் விளங்கும். 1965இல் மொழிக் கிளர்ச்சி மூண்டது. 1967 தேர்தலுக்குப் பின் வட மாநிலங்களில் கட்சித் தாவல் அன்றாட நிகழ்ச்சியானது. 1968 தொடக்கத்தில் தமிழகச் சட்டமன்றம் இருமொழித் தீர்மானம் நிறைவேற்றியது. ஆக, நாடகம் எறிந்த கல் 14ஆம் நூற்றாண்டுச் சுல்தானை நோக்கி எறியப்பட்டதன்று; 20ஆம் நூற்றாண்டின் மந்திரிகளையும், அவர்களுக்குக் கைதட்டிய நம்மையும் நோக்கியது. ஆயினும் கல் பட்டுத் தழும்பேறியது சுல்தானின் பெயரே. காலையில் போட்ட உத்தரவை மாலையில் மாற்றும் எவரையும் ‘துக்ளக் தர்பார்’ என்று ஏசுவது தமிழில் வழக்காகிவிட்டது.

இதே காலத்தில் கன்னடத்தில் கிரீஷ் கர்னாட் 1964இல் எழுதிய ‘துக்ளக்’ வேறுவகை. அதில் கேலியில்லை, பேரறிவும் பெருங்கனவும் உடைய ஒருவன் தன் அவசரத்தாலும் கொடுமையாலும் தனிமைப்பட்டு அழியும் துயரமே உண்டு. 1970களில் தில்லிப் பழைய கோட்டையின் இடிபாடுகளுக்கிடையே அந்நாடகத்தை நடத்திக் காட்டியவர் அரபுத் தந்தைக்குப் பிறந்த இப்ராஹீம் அல்காஸி.

வரலாற்றில் நிற்கும் சுல்தான்

முஹம்மது பின் துக்ளக் 1325 முதல் 1351 வரை ஆண்டவர். திருக்குர்ஆனை மனனம் செய்தவர். நம் மதரஸாக்களில் இன்றும் ஓதப்படும் ஹனஃபி சட்டநூலான ‘ஹிதாயா’வும் அவருக்கு மனப்பாடம் என்று, எகிப்து–சிரியா நாட்டறிஞர் அல்–உமரீ தாம் கேட்டறிந்ததை எழுதி வைத்திருக்கிறார். தர்க்கம், தத்துவம், மருத்துவம், வானியல் என அவர் தொடாத துறை இல்லை.

1327 அளவில் தக்காணத்தின் தேவகிரியைத் தௌலதாபாத் என்னும் தலைநகராக்கி, தில்லியின் பிரபுக்களையும் உலமாக்களையும் சூஃபிகளையும் அங்கே குடிபெயரச் செய்தார். பரந்த நாட்டின் நடுவில் தலைநகர் வேண்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. மனிதரைச் சதுரங்கக் காய்களாக நகர்த்தியதே தவறு. சில ஆண்டுகளில் திரும்பிச் செல்லவும் அனுமதித்தார். 1330ஐ ஒட்டி வெள்ளித் தங்காவிற்கு ஈடாகச் செம்பு, பித்தளை நாணயங்களை வெளியிட்டார். சீனத்தில் காகிதப் பணம் செல்லுபடியாவதை அறிந்த காலம் அது. பாரசீகத்திலும் 1294இல் அதை முயன்று தோற்றிருந்தனர். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் நோட்டும் அதே தத்துவத்தில் நடப்பதுதான். ஆனால் கள்ள நாணயத்தைத் தடுக்கும் வழியை அவர் செய்யவில்லை. வீட்டுக்கு வீடு அக்கசாலை ஆயிற்று. முடிவில் செம்பை வாங்கிக்கொண்டு கஜானாவிலிருந்து வெள்ளியைக் கொடுத்தார். ஏமாற்றியவர் பலர், நட்டத்தை ஏற்றது அரசு.

கங்கை–யமுனைச் சமவெளியில் வரிச்சுமையும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது குடிகள் பட்ட துன்பம் பெரிது. பிறகு உழவர்க்குக் கடன் கொடுத்தார். கிணறு தோண்டச் செய்தார். வேளாண்மைக்கெனத் தனி இலாகாவும் அமைத்தார். நோய் முற்றியபின் வந்த மருந்து அது.

சாட்சிகளை எடைபோடுதல்

ஹதீஸ் கலையில் ‘ஜர்ஹு, தஅதீல்’ என ஒரு துறை உண்டு. அறிவிப்பாளர் யார், அவர் நேரில் கண்டாரா, அவருக்கு அதில் சொந்த விருப்பு வெறுப்பு உண்டா என்று ஆராய்வது. அந்த உரைகல்லைச் சுல்தானின் வரலாற்றிலும் வைத்துப் பார்க்கலாம்.

அவரைப் பற்றிய முக்கிய சாட்சிகள் மூவர். முதலாமவர் இஸாமி. 1350 அளவில் தக்காணத்தில், துக்ளக்கை எதிர்த்துப் பிரிந்த பஹ்மனி அரசரின் நிழலில் இருந்து எழுதியவர். தலைநகர் மாற்றத்தின்போது அவருடைய முதிய பாட்டனார் வழியிலேயே மாண்டார். வெந்த நெஞ்சின் சொல் அது. பொய்யென்று தள்ளவும் கூடாது, முழுமையென்று கொள்ளவும் கூடாது. இரண்டாமவர் ளியாவுத்தீன் பரனீ. அரசவையில் பல்லாண்டு உடனிருந்தவர். சுல்தான் மறைந்தபின் பதவியிழந்து வறுமையில் வாடிய முதுமையில் 1357இல் தம் நூலை முடித்தார். சுல்தானின் அறிவையும் கொடையையும் வியக்கிறார். அவர் சிந்திய இரத்தத்தை எண்ணி நடுங்குகிறார். கொடுமை கண்டபோது வாய்மூடி நின்ற தம்மையும் நொந்துகொள்கிறார்.

மூன்றாமவர் மொராக்கோ நாட்டுத் தன்ஜாவில் 1304இல் பிறந்த இப்னு பதூதா. 1334இல் தில்லி வந்து மாலிக்கி காஜியாக அமர்ந்தார். 1342இல் சீனத்திற்குத் தூதராக அனுப்பப்பட்டு நீங்கினார். தில்லி வெறிச்சோடியதையும், நடக்கவியலாத குருடரை இழுத்துச் சென்றதையும் உருக்கமாகச் சொல்பவர் இவரே. ஆனால் அது நடந்து ஏழாண்டு கழித்தே அவர் வந்தார். அச்செய்தியில் அவர் கண்ட சாட்சி அல்லர், கேட்ட சாட்சி. தில்லி அடியோடு பாழாகவில்லை என்பதற்கு அவ்வாண்டுகளின் கல்வெட்டும் நாணயமும் சான்றாக உள்ளன.

அவர் தம் காலத்துச் செய்தியாகச் சொல்பவற்றில் இரண்டைக் கேளுங்கள். தம் சகோதரனைச் சுல்தான் காரணமின்றிக் கொன்றுவிட்டார் என்று ஓர் இந்துப் பிரமுகர் காஜியிடம் முறையிட்டார். சுல்தான் ஆயுதமின்றி நடந்தே வழக்குமன்றம் சென்றார். காஜி எழுந்து நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார். தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு வாதியைச் சமாதானம் செய்தார். மற்றொருமுறை, தம்மைக் காரணமின்றி அடித்தார் என்று ஒரு சிறுவன் வழக்குத் தொடுத்தான். சுல்தான் அவன் கையில் கோலைக் கொடுத்து, தம்மைத் திருப்பி அடிக்கச் சொன்னார். 21 அடிகள்! ஓர் அடியில் தலைத்தொப்பியும் விழுந்தது என்கிறார் பதூதா.

அதே பேனா, அதே அரண்மனை வாசலில் நாள்தோறும் கொலையுண்டோர் உடல் கிடந்ததையும், உலமாக்களும் மஷாயிகுகளும் வதையுண்டதையும் எழுதுகிறது. ஒரு மனிதரிடத்திலேயே இரண்டும் இருந்தன. ‘நல்லவரா, கெட்டவரா’ என்று ஒரே சொல்லில் விடைகேட்பவர்க்கு வரலாறு அவ்வாறு விடை தருவதில்லை.

மதுரையில் ஒரு காஜி

இந்தப் பதூதா நமக்கு வெகு தூரத்தவர் அல்லர். காரைக்குடியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரையில் தங்கியவர். துக்ளக்கின் ஆளுநராக மஅபர் நாட்டிற்கு வந்து, 1335 அளவில் தனியரசு அறிவித்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகளைத் தில்லியில் மணந்திருந்தார். சுல்தான் படையோடு தெற்கே புறப்பட்டும், வழியில் கொள்ளைநோய் தாக்கியதால் திரும்பினார். மதுரை தனியே நின்றது.

சில ஆண்டுகள் கழித்து, இலங்கையிலிருந்து வரும் வழியில் கப்பல் உடைந்து இக்கரை சேர்ந்தார் பதூதா. அப்போது மதுரையை ஆண்ட கியாஸுத்தீன் தாமகானி, பதூதா மனைவியின் சகோதரியை மணந்தவர். அகன்ற வீதிகளுடைய பெரிய நகர் என்று மதுரையைப் புகழ்ந்தார். அங்கே பரவிய நோயில் மக்கள் இரண்டொரு நாளில் மடிந்ததையும் எழுதினார். கியாஸுத்தீன் கைதிகளையும் அவர்தம் பெண்டு பிள்ளைகளையும் கொன்ற கொடுமையையும் ஒளிக்காமல் எழுதினார். எந்த அரசரிடமும் தாம் அறியாத இழிசெயல் என்றும், அதனாலேயே அல்லாஹ் அவர் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் கருத்துரைத்தார்.

எண்ணிப் பாருங்கள். ஆண்டவர் முஸ்லிம், எழுதியவர் முஸ்லிம், அதிலும் காஜி, இருவரும் உறவினர். ஆயினும் பேனா வளையவில்லை. நம்மவர் என்பதற்காக அநீதியை மூடிவைப்பது தீனுக்குச் செய்யும் தொண்டு என்று அந்தப் பெரியவர் கருதவில்லை. முஸ்லிம் பெயர் தாங்கிய மன்னர் ஒவ்வொருவருக்கும் வக்காலத்து வாங்குவது நம் கடமையென நினைக்கும் தம்பிமார் இதனைச் சிந்திக்க வேண்டும்.

எகிப்தின் கராகூஷ்

எனினும் கேலிக்கும் ஒரு குற்றம் உண்டு. அதற்கு அரபு வரலாற்றில் தக்க உதாரணம் காணக்கிடக்கிறது.

சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியிடம் பஹாவுத்தீன் கராகூஷ் என்ற அமீர் இருந்தார். கெய்ரோவின் மலைக்கோட்டையையும் மதில்களையும் எழுப்பியவர். அக்கா நகரை முற்றுகையில் காத்து, 1191இல் சிலுவைப் படையினரிடம் சிறைப்பட்டு, பின் மீட்கப்பட்டு, 1201இல் மறைந்தார். திறமையும் நாணயமும் உடையவர் என்று பெயர் பெற்றவர். அதே அரசில் உயர் அலுவலராக இருந்த இப்னு மம்மாத்தீ (மறைவு 1209), இவரைக் கேலி செய்து ‘அல்ஃபாஷூஷ்’ என்ற சிறுநூல் எழுதினார். மடத்தனமான தீர்ப்புகள் பலவற்றை இவர் தலையில் கட்டினார்.

நூல் பரவியது, கதைகள் பெருகின. பிற்காலத்தில் இவர் பெயரில் வழங்கும் கதை ஒன்று: திருடப் போனவன் ஜன்னல் உடைந்து விழுந்து காலொடிந்தான். வீட்டுக்காரன் குற்றவாளி என்று தீர்ப்பு. அவன் தச்சனைக் காட்டினான். தச்சன், தெருவில் சென்ற சிவப்பாடைப் பெண்ணால் கவனம் சிதறியது என்றான். அவள் சாயக்காரனைக் காட்டினாள். சாயக்காரன் தூக்குமரத்துக்கு மிஞ்சிய உயரம். ‘அப்படியானால் குள்ளமான சாயக்காரன் ஒருவனைப் பிடித்துத் தூக்கிலிடுங்கள்’ என்றாராம் கராகூஷ்! நம் பக்கத்துக் கிராமக் கதைகளில் சுவர் இடிந்து திருடன் மாண்ட வழக்கும் இதே போக்கில் நடக்கும்.

ஸலாஹுத்தீன் போன்றவர் முழுநம்பிக்கை வைத்திருந்த ஒருவர் இப்படித் தீர்ப்பளித்திருக்க முடியாது, இவை இட்டுக்கட்டியவையாகவே இருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் (ரஹ்) அன்றே எழுதினார். பயன் என்ன? எட்டு நூற்றாண்டு கடந்தும் அரபு நாடுகளில் அநியாயத் தீர்ப்புக்குப் பெயர் ‘ஹுக்மு கராகூஷ்’. அவர் கட்டிய கோட்டையைப் பார்க்க வருவோர் பலர். கட்டியவர் அவர் என்று அறிந்தோர் சிலர்.

இங்குத் துக்ளக், அங்குக் கராகூஷ். கேலி, தன் காலத்துக்குச் செய்யும் நன்மை பெரிது. கடந்த காலத்துக்குச் செய்யும் அநீதியும் சிறிதன்று. அதை ஈடுசெய்வது நாடகத்தை நிறுத்துவதால் ஆகாது. மேடையில் சிரித்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளைக்கு மெய்யான வரலாற்றைச் சொல்ல ஆள் வேண்டும்.

நாம் கண்ட நாடகம்

குறித்த நாளில் இளைஞர் அறுவருடன் சென்று அமர்ந்தோம். தொப்பியும் தாடியுமாய் நாம் அரங்கில் நுழைந்ததும் பக்கத்து வரிசை சற்றே அடங்கிப் போயிற்று. திரை எழுந்தது. மேடைச் சுல்தான், ஊர் ஊருணியில் தண்ணீர் இல்லை என்ற புகாரைக் கேட்டு, ஊருணியைத் தண்ணீர் உள்ள இடத்திற்குப் பெயர்க்க ஆணையிட்டார். அதற்குக் குழு அமைத்தார். குழுவுக்கு ஒரு மேற்குழு அமைத்தார். எந்த அலுவலகத்தைச் சொல்கிறார்கள் என்று சபைக்குப் புரிந்தது. நம் தம்பிமாரும் சிரித்தனர். மனு கேட்டவரே முதலில் சிரித்தார். நாமும் சிரித்தோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளையாட்டாகப் பேசியதுண்டு. அதிலும் உண்மையன்றி வேறு கூறியதில்லை என்பது நாம் அறிந்ததே.

மனம் நொந்த இடம் வேறு. சுல்தானுக்கு ஒரு சாயபு வேலைக்காரன். ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்று அவன் உடைந்த தமிழ் பேசும்போதெல்லாம் ஒரு சிரிப்பு. அதில் ஊருணியும் இல்லை, ஊழலும் இல்லை. முஸ்லிம் என்றால் தமிழ் வராது என்பது மட்டுமே அதில் இருந்த செய்தி. நம்முடன் இருந்தவர்களின் முகம் சுருங்கியதைக் கண்டோம். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கலாகாது என்று தடுப்பது இத்தகைய சிரிப்பையே. செயலைக் கேலி செய்தால் செய்தவன் திருந்தலாம். பிறப்பைக் கேலி செய்தால் அவன் எதைத் திருத்திக்கொள்வது?

நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்புறம் சென்றோம். எழுதி நடத்தியவர் இளைஞர். நம்மைக் கண்டதும் சற்றே பதறினார். “தம்பி, ஊருணிக் காட்சி வெகு பொருத்தம்” என்று முதலில் பாராட்டினோம். பிறகு, சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரும், ஞானப் பாடல்கள் தந்த குணங்குடி மஸ்தான் சாகிபும் பிறந்த சமுதாயம் இது. எங்கள் வீட்டில் தாலாட்டும் தமிழ், ஒப்பாரியும் தமிழ். அந்த வேலைக்காரனை எந்தத் தெருவில் கண்டீர்கள் என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. “யாரையும் பார்த்து எழுதவில்லை ஐயா. பழைய சினிமாவில் பார்த்ததுதான்” என்றார். கேட்ட சாட்சி! “அடுத்த ஊரில் போடும்போது அவனை நல்ல தமிழ் பேச வையுங்கள். சுல்தானின் உளறலுக்கு நல்ல தமிழில் பதில் சொன்னால் இன்னும் சிரிப்பு வரும்” என்றோம். யோசித்துப் பார்க்கிறேன் என்றார். மாற்றினாரா என்று அறிய இன்னொருமுறை போய்ப் பார்த்துவிட்டே சொல்ல வேண்டும்.

மனு எழுதப்படவில்லை. அதற்குப் பதிலாக, மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே பதூதாவின் பயண நூலைச் சிறிது சிறிதாகத் தமிழில் சொல்லிவருகிறோம். கேள்வி கேட்ட அந்தத் தம்பி நாள் தவறாமல் வருகிறார். இருபத்தோரடி வாங்கிய கதையைக் கேட்ட அன்று, “இதையும் நாடகமாகப் போடலாமே ஹஜ்ரத்” என்றார். போடலாம். எழுதுகிறவர் நம்மிலிருந்து வர வேண்டும். அல்லாஹ் அருள் புரிவானாக.